சிறு அலுவலகத்தில் மென்பொருள் செலவைக் குறைப்பது எப்படி: கொழும்பு வணிகர்களுக்கான திறந்த மூல வழிகாட்டி

புறக்கோட்டையில் மொத்த வியாபாரமானாலும், வெள்ளவத்தையில் நாலு மேசை போட்ட கணக்காளர் அலுவலகமானாலும், ஒஃபிஸ் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டுபவருக்கு அந்த விலை டொலரில்தான் நிர்ணயமாகிறது. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியது. அந்த இரண்டு மாதங்களில் மென்பொருளில் வசதி எதுவும் கூடவில்லை. பில் மட்டும் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடியது.

திறந்த மூல மென்பொருள், அதாவது மூல நிரலை எவரும் பார்க்கவும் பாவிக்கவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருள், இந்தச் செலவை நன்றாகவே குறைக்கும். ஆனால் ஒரு சனிக்கிழமை எல்லாக் கணினிகளையும் மாற்றிவிட்டு, திங்கட்கிழமை பணியாளர்கள் பழகிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கும் அலுவலகம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். யார் எதை உண்மையில் பாவிக்கிறார் என்று பார்த்து, தேவையில்லாத உரிமங்களை மட்டும் முதலில் கழற்றுவதே நின்று பலன் தரும் முறை. கீழே உள்ளவை அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன.

முதலில் ரூபாய்க் கணக்கு

எட்டுப் பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் மைக்ரோசொஃப்ட் 365 பிஸ்னஸ் ஸ்டாண்டர்ட். 2024இல் இதன் அமெரிக்கப் பட்டியல் விலை, ஆண்டு ஒப்பந்தத்தில், ஆளுக்கு மாதம் 12.50 டொலர். எட்டுப் பேருக்கு ஆண்டுக்கு 1,200 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் 360,000 ரூபாய்.

இதே எட்டுப் பேரில் கணக்குப் பிரிவிலுள்ள இருவர் மட்டும் எக்செல் மெக்ரோக்களை (கோப்புக்குள் எழுதிவைத்து, வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களை) நம்பி இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்கள் ஸ்டாண்டர்டிலேயே இருக்கட்டும்: 300 டொலர். மற்ற ஆறு பேரை, அதே ஆண்டு மாதம் 6 டொலராக இருந்த பேசிக் திட்டத்துக்கு இறக்கினால் 432 டொலர். மின்னஞ்சலும் உலாவியில் திறக்கும் வேர்ட், எக்செலும் அதில் தொடரும். கணினியில் நிறுவும் வேர்ட், எக்செல், பழைய அவுட்லுக் போன்றவை மட்டும் போய்விடும். வேர்ட், எக்செலின் இடத்தை லிப்ரேஒஃபிஸ் என்ற திறந்த மூல ஒஃபிஸ் மென்பொருளும், அவுட்லுக்கின் இடத்தைத் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளும் நிரப்பும். மொத்தம் 732 டொலர். மிச்சம் 468 டொலர், அதாவது 140,400 ரூபாய், ஒவ்வோர் ஆண்டும். ஒருவர்கூடத் தன் மின்னஞ்சல் முகவரியை மாற்றவேண்டியதில்லை. உங்கள் விற்பனையாளரின் இன்றைய விலையையும் இன்றைய டொலரையும் போட்டு இந்தக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

சந்தாவே கட்டாமல், கடைக்காரர் போட்டுத்தந்த உரிமமில்லாப் பிரதியோடு ஓடும் அலுவலகங்களும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அதைவிட உடனடியான ஆபத்து, அந்தப் பிரதிகளை இயக்க ஓடவிடும் ‘அக்டிவேட்டர்’. வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லித்தான் அது தன் வேலையைத் தொடங்கும். வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் அப்படியொன்றை ஓட விடக் கூடாது.

பட்டியல் எடுத்தல்

ஒரு தாளில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி. செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு அபௌட் என்று போனால் புரொசெசர், ரேம், விண்டோஸ் பதிப்பு மூன்றும் தெரியும். ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்பதை டாஸ்க் மெனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பக்கம் சொல்லும். அடுத்த கட்டங்களில் அந்த ஆள் ஒரு வாரத்தில் திறக்கும் மென்பொருள்கள், இணைத்துள்ள பிரிண்டரின் சரியான மொடல் எண், ஸ்கேனர், விரல் அடையாளக் கருவி, பார்கோட் ரீடர் போன்ற துணைக் கருவிகள்.

பிறகு பொதுக் கோப்புறையில் எக்ஸ்எல்எஸ்எம் என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள். மெக்ரோ உள்ள எக்செல் கோப்புகள் இவை. எத்தனை, யாருடையவை என்று குறித்துவைத்தால் எவரை மாற்றலாம், எவரைத் தொடக் கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

சந்தா எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் இதே தாளில் மேலே எழுதுங்கள். ஆண்டு ஒப்பந்தத்தில் இடையில் ஆட்களைக் குறைக்க முடியாது. ஆகவே அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பு வேலையைத் தொடங்க வேண்டும்.

இலவசமெல்லாம் திறந்த மூலமல்ல

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். லிப்ரேஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ், தண்டர்பேர்ட், கிம்ப், இங்க்ஸ்கேப், விஎல்சி, 7-சிப், கீபாஸ்எக்ஸ்சி ஆகியவற்றை வணிகத்தில் எத்தனை கணினியிலும் பணமின்றிப் பாவிக்கலாம். அவற்றின் உரிமமே அப்படி எழுதப்பட்டது. டீம்வியூவரின் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பாவனைக்கு மட்டும். வின்ரார் காலவரையுள்ள சோதனைப் பதிப்பு. வேர்ச்சுவல்பொக்ஸ் திறந்த மூலம்தான், ஆனால் அதனோடு சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பெக் வணிகத்துக்கு இலவசமல்ல. தொலைவிலிருந்து திரையைப் பார்க்க ரஸ்ட்டெஸ்க், சுருக்கிய கோப்புகளுக்கு 7-சிப் என்று மாற்றிக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

எதையும் அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகள் பல நேரம் வேறொரு பொதியைத் தரும். ஒரு முறை இறக்கி, பென் ட்ரைவில் வைத்து எல்லாக் கணினிகளிலும் நிறுவினால் டேட்டாவும் மிச்சம், எல்லோரிடமும் ஒரே பதிப்பும் இருக்கும்.

முதல் கட்டம்: விண்டோஸிலேயே லிப்ரேஒஃபிஸ்

விண்டோஸை இப்போது தொட வேண்டாம். பழைய ஒஃபிஸையும் நீக்க வேண்டாம். பக்கத்தில் லிப்ரேஒஃபிஸை நிறுவி, கீழுள்ள அமைப்புகளைச் செய்துவிட்டுத்தான் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி இந்த அமைப்புகளைச் செய்யாததால் வருவதே.

வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய், டெப்ட் என்பதைத் தேர்ந்தால் திரை பழைய ஒஃபிஸின் ஒழுங்குக்குக் கிட்ட வரும். டூல்ஸ், ஒப்ஷன்ஸ் போய் லாங்குவேஜஸ் பகுதியில் லோகேலை இங்கிலீஷ் யூகே ஆக்குங்கள், இயல்பு நாணயத்தை இலங்கை ரூபாயாக்குங்கள். இங்கிலீஷ் யூஎஸ்ஏ என்று விட்டால் 05/06/2025 என்று அடிக்கும்போது கால்க் (லிப்ரேஒஃபிஸில் எக்செலின் இடத்திலுள்ள பகுதி) அதை மே 6 என்று எடுக்கும். 13/05/2025 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். கடன் வசூல் பட்டியலில் இது நடந்தால் நாட்கணக்கு முழுவதும் பிழையாகும். அதே பக்கத்தில் கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கித் தமிழைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

லோட்/சேவ், ஜெனரல் பக்கத்தில் ‘எப்போதும் காப்புப் பிரதி உருவாக்கு’ என்ற பெட்டியில் சரி போடுங்கள். தானியங்கி மீட்பு இடைவெளியை 5 நிமிடமாக்குங்கள். எந்த வடிவில் சேமிப்பது என்ற முடிவும் இதே பக்கத்தில்தான். எங்கள் பரிந்துரை இது: அலுவலகத்துக்குள் மட்டும் சுற்றும் கோப்புகள் ஓடிஎஃப் வடிவில் இருக்கட்டும். அது ஐஎஸ்ஓ தரம் பெற்ற பொது வடிவம். வாடிக்கையாளருக்குப் போவது பிடிஎஃப். கணக்காய்வாளரோடும் வங்கியோடும் இருபுறமும் திருத்திப் பரிமாறும் கோப்பு மட்டும் எக்செல் அல்லது வேர்ட் வடிவிலேயே இருக்கட்டும். ஒரே கோப்பை இரண்டு வடிவுக்கும் மாறி மாறிச் சேமித்தால் அட்டவணை அகலமும் பக்க எண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

வேர்டில் ஒரு பக்கத்தில் அடங்கிய கடிதம் இங்கே இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தால் காரணம் பெரும்பாலும் எழுத்துரு. கெலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கெலடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் பதில் லிபரேஷன் குடும்பம். இவற்றில் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் மூலத்தோடு ஒத்துப்போவதால் வரிகள் அதே இடத்தில்தான் முறியும். விண்டோஸில் மூல எழுத்துருக்களே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் திறந்த மூல இயங்குதளமான லினக்ஸில் இவற்றை மறக்காமல் நிறுவ வேண்டும்.

பாமினியில் தட்டச்சு செய்பவர்களுக்கு

கொழும்பு அலுவலகங்களில் தமிழ்க் கடிதங்கள் இன்னும் பெருமளவு பாமினியில்தான் இருக்கின்றன. பாமினி, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு. ஆகவே லிப்ரேஒஃபிஸ் அதை ஆங்கிலம் என்றே நினைத்துத் திருத்தப் பார்க்கும். பாமினியில் அகரமும் ஆகாரமும் ஒரே விசையின் சிறிய, பெரிய எழுத்துகள். வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்து போடும் தானியங்கித் திருத்தம் இயங்கினால் ‘அம்மா’ என்று அடித்தது ‘ஆம்மா’ என்று மாறும். மேற்கோள் குறிகளை வளைப்பதும் அப்படியே சில எழுத்துகளைக் கெடுக்கும்.

டூல்ஸ் மெனுவின் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸில், வாக்கிய முதலெழுத்தைப் பெரிதாக்குவது, தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் ஒன்றைச் சிறிதாக்குவது ஆகிய இரண்டையும் நிறுத்துங்கள். லோக்கலைஸ்ட் ஒப்ஷன்ஸில் ஒற்றை, இரட்டை மேற்கோள் மாற்றத்தையும் எடுத்துவிடுங்கள். பாமினிக்கென ஒரு பந்திப் பாணியை உருவாக்கி அதன் மொழியை ‘நன்’ என்று வைத்தால் சிவப்புக் கோடுகளும் மறையும்.

புதிய ஆவணங்களை யூனிகோடில் தொடங்குவதே நல்லது. பாமினிப் பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்த முடியாது, மின்னஞ்சலில் தேட முடியாது, எழுத்துரு இல்லாதவரின் திரையில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். விண்டோஸில் இ-கலப்பை என்ற திறந்த மூலக் கருவியில் பாமினி விசை ஒழுங்கு உண்டு. விரல் பழக்கம் மாறாமல் யூனிகோடு கிடைக்கும். லினக்ஸில் ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் வரும். பாமினிக்காரர்களுக்கு ரெங்கநாதன்தான் கிட்ட. பழைய ஆவணங்களை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. வாடிக்கையாளர் பெயர், அடையாள அட்டை எண், சம்பள விவரம் உள்ளதை அந்தப் பெட்டிகளில் ஒட்டாதீர்கள்.

எக்செல் கோப்புகளைச் சோதிக்கும் முறை

கடந்த மாதத்தில் நிஜமாகப் பாவித்த பத்துக் கோப்புகளை எடுங்கள். பிரதி எடுத்து, பிரதியைத்தான் கால்க்கில் திறக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் ஒருவரை எடுத்துக் கையால் சரிபாருங்கள்: 60,000 ரூபாய் சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதம் 4,800, நிறுவனத்தின் 12 வீதம் 7,200, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,800. பெறுமதி சேர் வரி சேர்ந்த இன்வொய்ஸ் ஒன்றில் 18 வீதம் சதம் வரை ஒத்துவருகிறதா பாருங்கள். அதன்பின் மொத்தக் கூட்டுகளை எக்செலின் அச்சோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

சாதாரணச் சூத்திரங்களும் பிவட் அட்டவணைகளும் தொல்லை தருவதில்லை. எக்ஸ்லுக்அப், ஃபில்டர் போன்ற புதிய சார்புகள் 2024 ஓகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்துதான் கால்க்கில் உண்டு. அதற்கு முந்திய பதிப்பில் அந்த இடத்தில் பிழைச் செய்தி வரும். மெக்ரோக்கள் எழுதியபடியே ஓடும் என்று நம்ப வேண்டாம். எக்செலின் தரவு இணைப்புக் கருவிகளான பவர் குவெரி, பவர் பிவட் கால்க்கில் இல்லை. இவற்றைக் கொண்டு வேலை செய்பவரை வற்புறுத்தி மாற்றுவது வீண். அவருக்கு, மேலே போட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு 150 டொலர் கட்டுவது, அவர் ஒரு மாதம் தடுமாறுவதைவிட மலிவு.

பொதுக் கோப்புறையிலுள்ள கோப்பு ‘வேறொருவர் திறந்திருக்கிறார்’ என்று அடம்பிடித்தால், பெரும்பாலும் மின்சாரம் போனபோது மிஞ்சிய லொக் கோப்புதான் காரணம். அதே கோப்புறையில், அசல் கோப்பின் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் அலைக்குறியும் லொக் என்ற சொல்லுமாக ஒரு மறைந்த கோப்பு இருக்கும். யாரும் உண்மையில் திறந்திருக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்துவிட்டு அதை அழித்தால் போதும்.

மின்னஞ்சல்

அவுட்லுக்கிலிருந்து தண்டர்பேர்டுக்குப் போவதில் ஒரே கண்ணி, பழைய அஞ்சல் எல்லாம் ஒரு கணினிக்குள் பிஎஸ்டி என்ற அவுட்லுக் கோப்பாகக் கிடப்பது. கணக்கு பொப் முறையில், அதாவது அஞ்சலைக் கணினிக்கு இறக்கிவைக்கும் முறையில், இருந்தால் இப்படித்தான் இருக்கும். அவுட்லுக்கிலேயே அதே முகவரியை, அஞ்சலைச் சேர்வரிலேயே வைக்கும் ஐமெப் முறையில் இன்னொரு கணக்காகச் சேர்த்து, பழைய கோப்புறைகளை ஆண்டு ஆண்டாக அதற்குள் இழுத்துவிடுங்கள். சேர்வரில் இடம் போதுமா என்று முன்பே பார்க்க வேண்டும். எல்லாம் ஏறி முடிந்தபின் தண்டர்பேர்டில் ஐமெப் கணக்கைத் திறந்தால் அனைத்தும் அங்கே இருக்கும். பிஎஸ்டி கோப்பை ஓராண்டாவது அழிக்காதீர்கள்.

இரண்டாம் கட்டம்: பழைய கணினிக்கு லினக்ஸ்

முதல் கட்டம் ஆறு வாரமாவது ஓடியபின் இதற்கு வாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. ஒஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை முதல். வணிகங்கள் விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களைப் பணம் கொடுத்து நீட்டிக்கலாம்: முதல் ஆண்டு கணினிக்கு 61 டொலர், பிறகு ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு. நாலாம் தலைமுறை ஐ5 கணினிக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அப்படியான கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22 பொருந்தும். 2029 வரை அதற்குத் திருத்தங்கள் வரும். 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால் முதலில் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, உத்தரவாதம் எழுதிய பில்லோடு வாங்குங்கள். வேகத்தில் வேறு எந்தச் செலவும் இவ்வளவு வித்தியாசம் தராது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, கணினியின் பெயர் எழுதி அலுமாரியில் வையுங்கள். ஏதாவது பிழையானால் அதைத் திரும்பப் பூட்டினால் பத்து நிமிடத்தில் பழைய நிலைமை வந்துவிடும்.

8 ஜிபி பென் ட்ரைவில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் கருவி கொண்டு மின்ட்டை எழுதுங்கள். கணினியைத் திறக்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். விசை உற்பத்தியாளருக்கு ஏற்ப மாறும். நிறுவாமலே ஓட்டிப்பார்த்து வைஃபை, ஒலி, திரை அளவு, பிரிண்டர் நான்கையும் சோதியுங்கள். நான்கும் சரி என்றால் மட்டும் நிறுவுங்கள். விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் இரட்டையாக வைப்பதை அலுவலகத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சின்னச் சிக்கல் வந்ததுமே ஆட்கள் விண்டோஸுக்குப் போய் அங்கேயே இருந்துவிடுவார்கள். இரண்டையும் பராமரிக்கும் வேலை உங்களுக்கு மிஞ்சும்.

நிறுவியதும் மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்டை இயக்குங்கள். ஒரு திருத்தம் கணினியைக் குழப்பினால் முந்திய நாளுக்குத் திரும்ப அது உதவும். ஆனால் அது சிஸ்டத்தை மட்டுமே காக்கும், உங்கள் கோப்புகளை அல்ல. கோப்புகளுக்கு இரண்டு வெளி டிஸ்க்குகள்: ஒன்று அலுவலகத்தில், மற்றது வீட்டில், வாராவாரம் மாற்றி.

பிரிண்டர்தான் பெரிய தடை. எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்களுக்கு எப்சன் தரும் லினக்ஸ் டிரைவர் நன்றாக ஓடும். எச்பிக்கு எச்பிலிப் என்ற டிரைவர் உண்டு. சில லேசர்ஜெட் மொடல்களுக்கு அதோடு ஒரு பிளகின் இணையத்திலிருந்து இறக்கும்படி கேட்கும், அதை மறுத்தால் அச்சு வராது. கெனன் எல்பிபி 2900 போன்று கெப்ட் டிரைவரில் ஓடும் பழைய லேசர் பிரிண்டர்கள் புதிய லினக்ஸில் மிகவும் தொல்லை. அதை விண்டோஸ் கணினியோடேயே விட்டுவிடுங்கள். கார்பன் பிரதியோடு பில் அடிக்கும் எப்சன் எல்க்யூ-310 டொட் மெட்ரிக்ஸ் லினக்ஸில் அச்சடிக்கும், ஆனால் படமாக அடிப்பதால் மெதுவாகும், தாள் அளவும் கையால் அமைக்க வேண்டும். வரிசையில் ஆட்கள் நிற்கும் கவுண்டருக்கு அந்த மாற்றம் வேண்டாம்.

மாற்றக் கூடாத கணினி

குவிக்புக்ஸ், டெலி போன்ற கணக்கு மென்பொருள், பார்கோட் அடிக்கும் பிஓஎஸ், விரல் அடையாள வருகைப் பதிவு, சுங்க வேலைக்கான அசிகூடா, வங்கி தந்த டோக்கன் ஆகியவை ஓடும் கணினி விண்டோஸ் 11இல் உரிமத்தோடு இருக்கட்டும். அதை விண்டோஸ் ப்ரோ பதிப்பாக எடுத்தால் லினக்ஸ் கணினியிலிருந்து ரெம்மினா என்ற தொலைத் திரை மென்பொருள் மூலம் அதற்குள் போகலாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்தான் போகலாம். ஹோம் பதிப்பில் அதுவும் முடியாது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணைய சேவையும் வங்கித் தளங்களும் உலாவியில் திறப்பவை என்றாலும், மாற்றுவதற்கு முன் ஒரு படிவத்தையும் ஒரு கட்டணத்தையும் லினக்ஸில் முழுதாகச் செய்துபாருங்கள்.

புதிதாகக் கணக்கு வைக்கத் தொடங்கும் சின்னக் கடை என்றால் க்னூகேஷ் என்ற திறந்த மூலக் கணக்கு மென்பொருளைப் பார்க்கலாம். இரட்டைப் பதிவு முறை, இலங்கை ரூபாய் இரண்டும் அதில் உண்டு. ஒரே நேரத்தில் இருவர் பதிவு போட முடியாது என்பதால் வளர்ந்த கணக்குப் பிரிவுக்கு அது போதாது.

சந்தாவை நிறுத்தும் நாள்

புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, மாறிய ஒவ்வொருவரிடமும் கடந்த இரண்டு வாரத்தில் பழைய ஒஃபிஸைத் திறந்தீர்களா, எதற்கு என்று கேளுங்கள். திறக்காதவரின் உரிமத்தை எடுங்கள். திறந்தவரின் காரணத்தைத் தீர்க்க முடியாவிட்டால் அவருக்கு இன்னோர் ஆண்டு விடுங்கள். முற்றாக நிறுத்தும் கணக்குகளின் வன்டிரைவ் கோப்புகளை அலுவலக டிஸ்க்குக்கு இறக்கி, ஐந்தாறு கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். உரிமம் முடிந்து சில காலத்தின் பின் அவை அழிக்கப்படும். பிறகு நிர்வாகப் பக்கத்தில் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி, உரிம எண்ணிக்கையைக் குறைத்து, அந்தத் திரையைப் பிடிஎஃப்பாகச் சேமித்துவையுங்கள். தவறவிட்டால் புதுப்பித்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் மட்டுமே ஆண்டு ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். விற்பனையாளர் மூலம் வாங்கியிருந்தால் இந்த வேலையை அவர்தான் செய்ய வேண்டும், ஆகவே இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள்.